நீ ஃப்ரீயாத்தானே இருக்கே

ஒரு சொல்லின் மீது இவ்வளவு கோபம் வைத்திருப்பது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாராவது என்னைப் பார்த்து ‘ஃப்ரீ’ என்று ஆரம்பித்தால் என் பற்கள் தானாகவே இறுகிவிடுகின்றன. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண், “ஃப்ரீயா இருந்தா வாங்களேன், காபி குடிச்சிட்டுப் போலாம்” என்று நல்ல மனதோடுதான் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அன்று முழுவதும் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அந்தச் சொல்லோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஃப்ரீ பீரியட் என்று லீடர் வந்து சொன்னால் மேசையைத் தட்டுவோம். பிறகு நானே கணக்கு டீச்சர் ஆனேன். அப்போது ஃப்ரீ பீரியட் என்றால் திருத்தாத நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் நேரம். இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை.

கல்யாணத்தில்தான் முதல் உரசல். அலங்காரம் செய்ய வந்த பெண், “ரிசப்ஷனுக்கு ஃப்ரீ ஹேர் விட்டுடலாமா மேடம்? உங்க முகத்துக்கு நல்லா இருக்கும்” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, அதாவது என் மாமியார், பின்னாலிருந்து சொன்னார்.

“இன்னாது, தலைய விரிச்சுப் போட்டுக்கினு மேடையில நிக்கப் போறாளா? எழவு வீடாம்மா இது?”

இறுக்கிப் பின்னிவிட்டார்கள். ஃபோட்டோக்களில் என் கண்கள் மேலே இழுத்த மாதிரி இருக்கும்.

அடுத்தது என் கணவர். “எங்கிட்ட எதையும் மறைக்காத, ஃப்ரீயா பேசு” என்றார். நானும் நம்பி, கூட்டுக் குடும்பத்தில் எனக்குப் பழக்கமில்லை, தனியாக ஒரு சின்ன வீடு பார்த்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அந்த வாரமே அத்தை, “தனி வீடு கேட்டியாமே” என்று சாம்பாரைத் தாளித்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அப்படிப் பேசவில்லை.

பிரசவ வார்டில் நர்ஸ் என்னிடம் தினமும் கேட்டது, “மோஷன் ஃப்ரீயா போச்சா?” பார்க்க வந்த என் கணவரின் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருக்கும்போதும் கேட்டாள். அந்த நாட்களில் நான் உடுத்தியிருந்தது பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடையில் அத்தை வாங்கி வந்த ஃப்ரீ சைஸ் நைட்டி. தோளிலிருந்து நழுவும், காலில் தடுக்கும். ‘சைஸ் சரியில்லை அத்தை’ என்றதற்கு, “ஃப்ரீ சைஸ்மா, எல்லாருக்கும் சரியா இருக்கும்” என்று பதில் வந்தது.

இவையெல்லாம் சிறிய கீறல்கள். பெரியது, வேலையை விட்ட பிறகு ஆரம்பித்தது.

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. கீழே அத்தை, மாமா, நாங்கள். மேலே என் கணவரின் அண்ணன் குடும்பம். என் ஓர்ப்படியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு வங்கியில் பணம் வாங்கிக் கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை செய்கிறார். ஏழாவது மாதத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். மகள் பிறந்த பிறகு திரும்பப் போவதாகத்தான் பேச்சு. யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் நேரத்தை மெல்ல மெல்ல எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சிலிண்டர் வரும், நீ ஃப்ரீதானே, வாங்கி வை. எலக்ட்ரீஷியன் வருவான், நீ ஃப்ரீதானே, கூட நில்லு. அக்காவின் பெண்ணுக்கு டியூஷன் எதற்கு, சித்தி எம்.எஸ்ஸி. கணக்குதானே, ஃப்ரீயாத்தானே இருக்கா. அத்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போக, ரேஷன் கடைக்குப் போக, துக்க வீட்டில் தலையைக் காட்ட, எல்லாவற்றுக்கும் நான். அக்கா வீட்டில் இருந்தால் அதற்குப் பெயர் லீவு. என் கணவர் வீட்டில் இருந்தால் ரெஸ்ட். மாமா ஒரு காலத்தில் மில்லில் வேலை செய்தவர். மில் மூடியதிலிருந்து டி.வி. முன்னால்தான் இருக்கிறார். அவர் ரிட்டயர்டு. அந்த வீட்டில் ஃப்ரீ என்று ஒரே ஒரு ஆள்தான்.

குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, மூன்று வேளைக்கும் சமைத்து நிமிர்ந்தால் மணி நாலாகிவிடும். இதை நான் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள். சொல்லாமல் விட்டது சரியா என்றும் தெரியவில்லை.

மகளுக்கு இரண்டரை வயது ஆகியும் பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். ‘ம்ம்ம்’ என்று நீட்டுவாள். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எழுதிய கையோடு கிடைத்துவிடாது. அந்த ஆஸ்பத்திரியில் கட்டணம் கிடையாது என்பதால் வரிசை நீளம். பல மாதம் காத்திருந்து எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வராமலே இருந்தால் பெயரை எடுத்துவிட்டு அடுத்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள். இதை அங்கே கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒழுங்காகப் போனோம். மகள் பயிற்சி கொடுக்கும் மேடத்தின் கையிலிருந்து சோப்புக் குமிழிகள் பறப்பதைப் பார்த்து ‘ப’ என்று உதட்டைக் குவித்தாள். நான் ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ‘ப’வை அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழாவை மண்டபம் எடுத்துச் செய்ய முடிவானது. அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அந்தப் பெண் பாவம், அவளே கூச்சத்தில் மாடியை விட்டு இறங்கவில்லை. அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. மஞ்சள் தடவுவதற்கு நான்தான் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், தொடர்புக்கு என்று போட்டு ஒரே ஒரு நம்பர் இருந்தது. என்னுடைய நம்பர்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கணவரிடம் அதைக் காட்டினேன்.

“அண்ணன்தான் குடுத்திருப்பாரு. அண்ணிக்கு பேங்க்ல ஃபோன் எடுக்க முடியாது. எனக்கு கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிடறாங்க. நீதான் ஃப்ரீயா இருக்கே.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“இதுக்கெல்லாமா கேப்பாங்க? ஃப்ரீயா விடு.”

கண்டுகொள்ளாதே என்பதற்கும் அதே சொல்தான். என் கணவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அன்றிலிருந்து ஃபோன் அடங்கவில்லை. சமையல்காரர், பேனர் அடிப்பவர், மேளக்காரர், மாலை கட்டுபவர். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். எந்த பஸ், எந்த ஸ்டாப்பில் இறங்கணும், கறி உண்டா, எங்க பேர் ஏன் பத்திரிகையில இல்ல. குழந்தையை ஊட்ட உட்கார்ந்தால் அடிக்கும். தூங்க வைத்தால் அடிக்கும். அவள் அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை எடுக்க நல்ல நாள் என்று எல்லோரும் கிளம்பினார்கள். குழந்தையோடு நானும் போக வேண்டியதாயிற்று. பயிற்சி போனது. அடுத்த வெள்ளி அத்தைக்கு மறுபடியும் கண் டாக்டர். அதுவும் போனது. அதற்கடுத்த வெள்ளி நான் போய் நின்றபோது அந்த மேடம் குழந்தையைக்கூடப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார்.

“நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“இல்ல மேடம்.”

“வீட்ல ஃப்ரீயாத்தானே இருக்கீங்க? அப்புறம் ஏன் வர முடியல?”

நான் வீட்டு விசேஷம் என்று ஏதோ சொன்னேன்.

“ஃப்ரீயா கிடைக்குதில்ல, அதான் அருமை தெரியல. வெளியில போய்க் காசு குடுத்திருந்தா ஓடி வந்திருப்பீங்க. இன்னொரு வாரம் விட்டீங்கன்னா நான் பேரை எடுத்துடுவேன். வெளியில எத்தனை அம்மா நிக்கறாங்க பாருங்க.”

வெளியே பெஞ்சில் உண்மையாகவே அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னை முறைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அவர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றார். அணைத்தேன்.

முக்கால் மணி நேரம். மகள் ‘ப’வை மறந்திருந்தாள். மேடம் குமிழி ஊதினார், அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கடைசியில்தான் ஒரு முறை உதட்டைக் குவித்தாள்; சத்தம் வரவில்லை.

ஆட்டோவில் ஏறி ஃபோனைப் போட்டதும் தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்தன. பெரும்பாலும் ஒரே நம்பர். தவளக்குப்பத்தில் இருக்கும் அக்காவின் அண்ணன். பெண்ணுக்குத் தாய்மாமன். அந்த விழாவில் தாய்மாமன் சீர் கொண்டு வந்து மாலை போட்டால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அவர் கோபித்துக்கொண்டால் மண்டபமே வெறிச்சோடிப் போகும். விழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

வீட்டில் ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். அக்கா விழா வேலைக்காக அன்று லீவு போட்டிருந்தார்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச?” என்றார் அத்தை.

“தெரபிக்கு அத்தை. காலையில சொல்லிட்டுத்தானே போனேன்.”

“போனை இன்னாத்துக்கு அமுக்கி வச்ச? சீர் எத்தினி மணிக்கு எடுக்கணும், எந்தக் கோயில்லேர்ந்து எடுக்கணும்னு கேக்கறதுக்கு அந்த மனுஷன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு உக்காந்துனு இருக்காரு.”

அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தார். அதிலிருந்து அவர் அண்ணனின் குரல் வந்தது.

“ஒரு ஃபோனை எடுக்க ஆளில்லாத வீட்டுக்கு நான் எதுக்கு மேளம் வச்சுச் சீர் எடுத்துக்கினு வரணும்? எங்களுக்கு இன்னா, மரியாதை தேவையில்லையா?”

“அண்ணா, அண்ணா, வச்சிடாதண்ணா” என்று அக்கா கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தோளில் மாற்றிக்கொண்டு கேட்டேன். “அக்கா, நீங்க இன்னிக்கு லீவு. உங்க நம்பர் அவருகிட்ட இருக்கு. உங்களுக்கு ஏன் பண்ணல?”

“என்னால எடுக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியும். பத்திரிகையில எந்த நம்பர் இருக்கோ அதுக்குத்தான் பண்ணுவாரு. வேலைக்குப் போறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.”

“நானும் வேலைக்குப் போனவதான் அக்கா.”

“போனவ. இப்ப ஃப்ரீதானே?”

மாமா டி.வி.யின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவருக்குச் சண்டைச் சத்தம் ஆகாது.

“ஒரு சாரி சொல்லிடு. வாய் தேஞ்சா பூடும்?” என்றார் அத்தை.

சொன்னேன். எனக்கு அது இப்போதும் ஆறவில்லை. மேசை மேல் இருந்த ஃபோனை நோக்கிக் குனிந்து, “சாரி அண்ணா” என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஆரம்பித்தார்.

“படிச்ச பொண்ணு, வீட்ல ஃப்ரீயா இருக்கறதாச் சொன்னாங்க. ஃப்ரீயா இருக்கறவங்களுக்கே எங்ககிட்ட பேச நேரமில்லன்னா, நாங்க யாருகிட்டதாம்மா பேசறது?”

மறுபடியும் சாரி சொன்னேன். அத்தை தீர்ப்பைச் சொன்னார்.

“இந்தத் தெரபி கிரபியெல்லாம் இதோட நிறுத்து. இவ அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். பொம்பளப் புள்ள, பேச ஆரம்பிச்சா எவன் நிறுத்துவான்?”

இரவு கணவரும் அதையே கொஞ்சம் மென்மையாகச் சொன்னார். இரண்டு மூன்று வாரம் விட்டுப்பிடிக்கலாமாம். விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி வரிசையில் நின்றால் இவளுக்கு மூன்றரை வயதாகிவிடும் என்றேன். “நீ ரொம்ப யோசிக்கறே. கொஞ்சம் ஃப்ரீயா விடேன்” என்றார். அவர் சொல்வது போல நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று இருட்டில் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் அப்பா மூன்று வயதில் பேசியது உண்மைதான். இவளும் பேசிவிடலாம். பேசாமலும் போகலாம். அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யோசிக்க வேண்டியதும் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வராமல் இருப்பாரா? எல்லோருக்கும் முன்னால் மேளத்தோடு வந்து இறங்கினார். தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்த என்னைக் கடந்து போகும்போது நின்றார்.

“இன்னாம்மா, இப்பவாச்சும் ஃபோன் ஆன்ல இருக்குதா? இல்ல நான் திரும்பிப் போயிடட்டுமா?”

அவரோடு வந்த கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. வளர்ப்பு அப்படி.

விழா முடிந்தும் ஃபோன் முடியவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வீடியோக்காரர். மொய்க் கவரில் பெயர் எழுத மறந்த ஒருவர். விட்டுப்போன டிபன் பாக்ஸ் ஒன்றைத் தேடி இன்னொருவர். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அத்தை சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

“பத்து மணிக்குப் பாத்திரக்காரன் வரான். வாடகைப் பாத்திரம் எல்லாம் எண்ணிக் குடுக்கணும். அதுக்கப்புறம் வீடியோக்காரன். எங்கியும் போயிடாத.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை அத்தை. தெரபி இருக்கு.”

“அதான் வேணாம்னு சொல்லியாச்சே. நீ ஃப்ரீயாத்தானே இருக்கே, அடுத்த வாரம் போயேன்.”

என் மடியில் ஃபோன் அடித்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையை விலக்கவில்லை. எழுந்து ஹாலுக்குப் போனேன். மாமா டி.வி.யில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டிருந்த ஃபோனை அவர் முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தேன்.

“இது இன்னாம்மா?”

“ஃபங்ஷன் ஃபோன் மாமா. வர்றவங்களுக்கு எல்லாம் பதில் சொல்லிடுங்க. பாத்திரத்தையும் எண்ணிக் குடுத்துடுங்க. நீங்க ஃப்ரீதானே?”

அந்த வீட்டில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் முகம் கறுத்தது. ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“யாரைப் பாத்து இன்னா பேசற?” என்றார் மாமா. “இருபது வருஷம் மில்லுல நின்ன காலும்மா இது.”

“தெரியும் மாமா” என்றேன். மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அத்தை வாசல் வரை வந்து கத்தினார். தெரு முனை வரை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஃபோன் இல்லாமல் குழந்தையோடு போகிறோமே, வழியில் ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று பயம். மில் மூடியதற்கு அவர் என்ன செய்வார், அதைப் போய்க் குத்திவிட்டேனே என்று ஒரு பக்கம். இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. வருகையைக் குறித்துக்கொண்டார். ஃபோனை அணைக்கச் சொன்னார். எடுத்து வரவில்லை என்றேன். நம்பாமல் என் பையைப் பார்த்தார்.

மாமா என்னோடு பேசி மாதங்கள் ஆகின்றன. சாப்பாடு வைத்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். அக்காவின் பெண்ணுக்கு இப்போது தெருக்கோடியில் டியூஷன். நான் திமிர் பிடித்தவள் என்று தவளக்குப்பம் வரை செய்தி போயிருக்கிறது. கணவர் மட்டும் இப்போதெல்லாம் என்னிடம் ஃப்ரீயா விடு என்று சொல்வதில்லை. வேறு சொல்லும் கிடைக்காததால் பேசாமல் இருக்கிறார். மாமாவிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சில நாள் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் தோன்றுவதில்லை.

ஒரு வெள்ளியும் தவறவில்லை. மகளுக்குச் சில வார்த்தைகள் வந்துவிட்டன. ‘பப்பு’ என்றால் பருப்பு. ‘தா’ வருகிறது. ஆனால் அவள் எல்லாவற்றையும் விடத் தெளிவாகச் சொல்வது ‘வேணாம்’ என்பதைத்தான். சாப்பாட்டுக்கு, குளியலுக்கு, பாட்டி கூப்பிட்டால் போவதற்கு, எதற்கெடுத்தாலும் வேணாம்.

“இன்னாடி இது, வாயத் தொறந்ததும் வேணாம் வேணாம்னு? அம்மாக்காரி கத்துக் குடுத்தாளா?” என்கிறார் அத்தை.

நான் கற்றுக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.